தனிப்பயிற்சி நிலையமும் துணைவர் அமைப்பும்

(தலத்தெருவில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது காரியதரிசியவர்கள் சென்ற மாதம் என்னைக் கண்டு, தனிப்பயிற்சி நிலையம் நடத்தும் நம் இளைஞர்க்குப் பயன்படுமாறு ஏதேனும் பேசுக என்று பணித்தனர். யான் தமிழ்ப் பண்டிதன். வாணிக நெறி அறிந்தவன் அல்லேன். அன்றியும், 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்விச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளியில் உபாத்தியாயராய் இருப்போர் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று விலக்குகின்றது. ஆதலின் இத்தொழிலில் எனக்கு ஊதியமும் இல்லை, போட்டியும் இல்லை. ஆயினும் என் மாணாக்கர் பலர் மாலையில் பள்ளியினின்றும் நேரே அந்நிலையங்களுக்கே செல்லுகின்றனர். மறுநாட் காலையில் அவர்தம் புத்தகப் பைகளினின்று வெளிப்படும் குறிப்பேடுகளை நோக்கி, அங்கு நடந்தது இன்னது, நடவாதொழிந்தது இன்னது என்று ஒருவாறு உணர்வேன். மூன்று வாரமாகத் திருத்தப்படாத விடைத்தாள் ஒன்றைக் கண்டால், அந்நிலையத்தில் ஆள் போதவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் பகுதியில் இந்நிலையங்கள் பெருகியதற்குக் காரணம் உண்டு. புதுச்சேரி மாநிலத்து அரசுப் பள்ளிகள் 2023-24-ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. தமிழில் கற்றுவந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுத வேண்டியவராயினர். இதனோடு மருத்துவக் கல்விக்கு ‘நீட்’ தேர்வும் உளது. காரைக்காலில் ஜிப்மரின் கிளையும், திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்க, அவற்றின் வாயிலைத் தம் பிள்ளை மிதிக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பே. ஆகவே, பட்டம் பெற்று வேலை வாயாத நம் இளைஞர் சிலர், வீட்டு மாடியிலோ, வாடகைக்குப் பிடித்த கூடத்திலோ, நாற்பது பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கின்றனர்.

இவ்விளைஞர்களின் நாளைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கதவைத் திறப்பவரும் அவரே, பெருக்குபவரும் அவரே, வருகைப் பதிவு எடுப்பதும், கணக்குச் சொல்லிக்கொடுப்பதும், வினாத்தாள் நகலெடுப்பதும், விடை திருத்துவதும், கட்டணம் கேட்பதும், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் வாட்ஸாப் வழியாக வரும் தாய்மாரின் வினாக்களுக்கு விடை எழுதுவதும் அவரே. இரண்டு ஆண்டு இங்ஙனம் செல்லும். மூன்றாம் ஆண்டில் குரல் கம்மும். பின்னர் வளைகுடா நாட்டுக்கு ஒரு வேலை வாய்த்தது என்று கூறி நிலையத்தைப் பூட்டிவிடுவர். அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. ஆனால் பதினோராம் வகுப்பின் இடையில் பூட்டப்பெற்ற நிலையத்துப் பிள்ளை எங்கே செல்லும்? கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிப் படிப்பிக்க வல்லார் நம்மில் எத்தனை பேர்?

‘ஆள் வைத்துக்கொள்ளலாமே’ என்பார்க்கு, ‘பணம் எங்கே?’ என்பது அவர் விடை. இவ்விடை மெய்யே. ஆனால் பணம் மிகுதியாக இல்லாத இடத்தில் பல பிள்ளைகளுக்குப் படிப்பு நடத்துவது எவ்வாறு என்னும் வினாவுக்கு இருநூறு ஆண்டுகட்கு முன்னரே நம் சென்னையில் ஒரு விடை பிறந்தது. அவ்விடை பிறந்தது நம் திண்ணையின்மேலே என்பதையும், பின்னர் அது பிழைபட்ட வகையையும் விரிவாகக் கூற விரும்புகின்றேன். இன்று நம் இளைஞர் செய்யத் தக்கதும் தகாததும் அவ்வரலாற்றினுள்ளேயே அமைந்துள்ளன.

சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு, ஐரோப்பியப் போர்வீரர்க்கு இந்நாட்டில் பிறந்து ஆதரவற்று நின்ற ஆண்மக்களுக்காக ஓர் அநாதை விடுதி அமைக்கப்பெற்றது. அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். விடுதியில் சம்பளத்துக்கு அமர்ந்த உபாத்தியாயர்கள் சிரத்தையற்றவர்களாய் இருந்தனர். சிறுவர்க்கு அகரவரிசையே ஏறவில்லை. ஒருநாட் காலை பெல் குதிரைமேற் செல்லுகையில் ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றைக் கண்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே வழங்கினர். ஆகவே அது நம் திண்ணைப் பள்ளிக்கூடமே என்க. சிறுவர் தரையில் அமர்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்தை எழுதிக் கற்றுக்கொண்டிருந்தனர். தாள் இல்லை, மை இல்லை, செலவும் இல்லை. இம்முறையை விடுதியிலும் கையாளுமாறு பெல் பணித்தார். கீழ்வகுப்பு உபாத்தியாயர் அது நடவாது என்றார். பெல் அவரோடு வாதிடவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்பித்தார். சம்பளம் வாங்கிய பெரியவரால் நடவாதென்றது அச்சிறுவனால் நடந்தது. பின்னர் வகுப்புத்தோறும் தேர்ந்த மாணாக்கரையே கற்பிக்க வைத்து, வல்ல பிள்ளை ஒன்றையும் மெல்லிய பிள்ளை ஒன்றையும் இணையாக்கி, விடுதி முழுவதையும் அம்முறையில் நடத்தினார். 1796-இல் அவர் இந்நாட்டை விட்டுச் சென்று, அடுத்த ஆண்டு லண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். அம்முறைக்கு அங்கே ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வழங்கிற்று. பெல்லின் பிறந்த ஊராகிய செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பொருளால் எழுந்த பள்ளிக்கு ‘மதராஸ் காலேஜ்’ என்னும் பெயர் இன்றும் உளது. நம் ஊர்ப் பெயரை அவர்கள் போற்ற, நாமோ திண்ணைப் பள்ளி என்றால் பிரம்பொன்றையே நினைக்கின்றோம்.

இம்முறையின் வேர் நம் சட்டாம்பிள்ளை. ஆசிரியர் ஒருவரே ஆயினும், மூத்த மாணாக்கன் இளையோர்க்கு அரிச்சுவடியும் எண்சுவடியும் முறை சொல்லிவைப்பான். வராத பையனை வீடு சென்று அழைத்து வருவான். ஆசிரியர் வெளியே சென்றிருப்பின் பள்ளி கலையாமற் காப்பான். பெல்லாரி ஜில்லாவில் கலெக்டராயிருந்த காம்ப்பெல் என்பார் 1823-இல் எழுதிய அறிக்கையில், மேல்நிலை மாணாக்கர் கீழ்நிலையார்க்குக் கற்பிப்பதனால் தம் அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்ளுகின்றனர் என்றும், இது இங்கிலாந்தார் பின்பற்றியதற்குத் தகுந்த முறையே என்றும் பாராட்டியிருக்கின்றார். கற்பிப்பவன் இருமுறை கற்கின்றான் என்பது உபாத்தியாயர் எவர்க்கும் அநுபவம்.

இனி இதன் மறுபக்கத்தையும் நோக்குவோம். பெல்லைப் போன்றே லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பார் 1798-இல் ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளி தொடங்கினார். ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகட்குக் கற்பிக்கலாம் என்றார். சிக்கனத்தில் அவர் மதி வியத்தற்குரியது. பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்குவதை விடுத்து, ஒரு புத்தகத்தின் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுச் சுவரில் தொங்கவிட்டுப் பலரும் ஒருங்கே படிக்கச் செய்தார். தாளுக்குப் பதிலாகப் பலகையைப் பயன்படுத்தினார். ஆனால் அவர்தம் சொந்தக் கைப்பிடி தளர்ந்தது. பள்ளியின் வரவையும் தம் செலவையும் பிரித்தறியாது கடனில் ஆழ்ந்தார். 1808-இல் நண்பர் சிலர் கூடிக் குழு அமைத்து அக்கடனை ஏற்றுப் பள்ளியைக் காத்தனர்; சில ஆண்டில் அவர்க்கும் குழுவினர்க்கும் பகை மூண்டு, அவர் அமெரிக்கா சென்று 1838-இல் நியூயார்க்கில் வறியராய் மாண்டார். பிள்ளைக்குப் பலகை வாங்குவதில் காட்டிய சிக்கனம் அவரைக் காக்கவில்லை. பேரேடு ஒன்றை எழுதி வைத்துக் கண்டித்துச் சொல்லும் துணைவர் ஒருவர் தொடக்கத்திலேயே இருந்திருப்பின், அவர் வரலாறு வேறாயிருக்கும் என்பது என் துணிபு.

பெரியதொரு குறையும் அம்முறைக்கு உண்டு. சிறுவன் சிறுவனுக்குச் சொல்லிவைப்பது நெட்டுருவுக்கு உதவுமேயன்றி, ‘ஏன்?’ என்னும் வினாவுக்கு உதவாது. சட்டாம்பிள்ளைக்கே தெளியாததை அவன் எங்ஙனம் தெளிவிப்பான்? அதனுடன், கற்க வந்த பிள்ளையின் நேரத்தைக் கூலியின்றி வாங்குவதும் அறம் அன்று. இங்கிலாந்தார் இதனை உணர்ந்து 1846-இல் வேறொரு முறையைக் கொணர்ந்தனர். பதின்மூன்று வயது நிரம்பிய நல்ல மாணாக்கரை ஐந்து ஆண்டுக்கு ஆசிரியப் பயிலுநராக அமர்த்தினர். முதலாண்டில் பத்துப் பவுனாகத் தொடங்கி இருபது பவுன் வரை ஆண்டுதோறும் ஊதியம் உயர்ந்தது. இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. தலைமை ஆசிரியர் பள்ளி நேரத்துக்குப் புறம்பே நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் அப்பயிலுநர்க்குத் தனியே கற்பித்தல் வேண்டும். அதற்கு அவர்க்கும் தனி ஊதியம் உண்டு. துணைவர்க்குக் கூலியும் வேண்டும், கல்வியும் வேண்டும் என்பதை ஐம்பது ஆண்டு பட்டறிந்து கண்டுகொண்டனர் எனலாம்.

நிற்க. இத்தகைய துணைவர் அமைப்பு நம் காவிரி நாட்டில் புதிதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815-1876) மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் இருந்து பாடம் சொன்ன காலத்தை நினைமின். அவர் செய்யுள் சொல்ல, ஏட்டில் எழுதியவர் மாணாக்கரே. பழைய மாணாக்கர் புதியோர்க்கு உதவினர். 1871-இல் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையரும் எழுத்து வேலை செய்தே கல்வி முற்றினார். பிள்ளையவர்கள் பொருளால் எளியவர். ஆயினும் அவரைச் சூழ்ந்திருந்தோர் குறைந்ததில்லை. காரணம், பணி செய்தவன் அங்கே தமிழைக் கூலியாகப் பெற்றான். இன்னும் ஒன்று சொல்லுவேன். அவரை நிழல்போற் சூழ்ந்து தொண்டு செய்த சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். நமக்கு அண்மையிலுள்ள நாகூரிலிருந்து சென்று அவரிடம் பாடங்கேட்ட குலாம் காதிறு நாவலர் முஸ்லிம். சைவ மடத்தின் மகாவித்துவானுக்கு இதனால் எவ்விதக் குறையும் நேரவில்லை. தமிழுக்குத்தான் ஆக்கம் நேர்ந்தது.

இதனை இச்சங்கத்தில் கூறுவதற்குக் காரணம் உண்டு. சங்கத்தின் கல்வி நிதியினின்றும் உதவி பெறும் நிலையங்களில் துணைவராக நம்மவரையே வைத்தல் வேண்டும் என்று பெரியோர் சிலர் கருதுகின்றனர். அவர்கள்பால் எனக்குள்ள மதிப்புச் சிறிதும் குறையாமலே இதனை மறுக்கின்றேன். பௌதிகம் தெரிந்தவர் யார், கணக்குத் தெரிந்தவர் யார், சொன்ன நேரத்துக்கு வருபவர் யார் என்பவையே கேட்கத் தக்க வினாக்கள். மஸ்தான் சாகிபு தர்காவுக்கு அருகில் குடியிருக்கும் ஒரு பெண்ணோ, கடற்கரைக் குப்பத்து இளைஞர் ஒருவரோ வேதியியலில் வல்லராயின், அவரை விடுத்து வல்லமையற்ற நம் மருமகனை வைப்பது நம் பிள்ளைகளுக்கே நாம் செய்யும் தீங்கு. சொந்தக்காரப் பையனை வைத்துக்கொள்வதில் மற்றொரு சங்கடமும் உண்டு. ‘வீட்டுப் பிள்ளைதானே’ என்று அவனுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை; கொடாமையின், அவன் வாராத நாளில் கேட்கவும் வாய் எழுவதில்லை. நான் அறிந்த ஒரு நிலையத்தில் இப்படியே ஓராண்டு கழிந்து, ஈற்றில் இரண்டு குடும்பங்கள் ஒரு கல்யாணத்தில் ஒருவர்க்கொருவர் முகங்கொடாது நின்றன. மாதம் ஐந்நூறு ரூபாயேனும் தேதி தவறாது கொடுத்திருப்பின் அத்தனையும் நேர்ந்திராது.

தற்காலத்தில் இதற்கு உதாரணம் வேண்டுவோர் பாட்னாவிலுள்ள ஆனந்த் குமார் என்பாரை நோக்கலாம். தாயார் அப்பளம் இட்டு விற்ற வருவாயில் குடும்பம் நடந்த காலத்தில், வாடகை அறை ஒன்றில் அவர் கணிதப் பயிற்சி தொடங்கினார். 2002-இல் ஏழை மாணாக்கர் முப்பதின்மரைத் தேர்ந்து, உணவும் உறையுளும் அளித்து, ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்றும் ‘சூப்பர் 30’ என்னும் ஏற்பாட்டைச் செய்தார். மாணாக்கர்க்குச் சமைத்தவர் அவர் தாயார்; நிர்வாகம் பார்த்தவர் தம்பி பிரணவ் குமார். கட்டணம் செலுத்தும் மாணாக்கர்க்கான வேறு வகுப்புகளின் வருவாயே இவ்விலவசப் பயிற்சியைத் தாங்கிற்று. ஈண்டு கவனித்தற்குரியது வேலைப் பிரிவு. கணக்குச் சொல்லுபவர் அடுப்பையும் பேரேட்டையும் தொடவில்லை. குடும்பத்தினரே ஆயினும் இன்னார்க்கு இன்ன வேலை என்னும் வரம்பு அங்கே இருந்தது.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பேச்சுக்காக ஒரு நிலையத்தை வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் 40, மாதக் கட்டணம் 600 ரூபாய், ஆக வரவு 24,000. கூடத்து வாடகை 5,000. மின்சாரம், தாள், நகல், சுண்ணக்கட்டி முதலியவற்றுக்கு 2,000. எஞ்சுவது 17,000. இந்நிலையில் நம் இளைஞர் செய்யும் முதற்காரியம், தம்மைப் போன்ற பட்டதாரி ஒருவரை 12,000 சம்பளத்தில் இரண்டாம் ஆசிரியராக வைப்பதே. அவர்க்கு மிஞ்சுவது 5,000. அம்மாதம் பத்துப் பெற்றோர் கட்டணம் கொடாராயின், 6,000 குறைந்து, கையினின்றும் ஆயிரம் ரூபாய் போட நேரும். இரண்டு மாதத்தில் அந்த இரண்டாம் ஆசிரியர் விலகுவார். விலகும்போது ஐந்தாறு பிள்ளைகளையும் அழைத்துச் சென்று எதிர்வீட்டில் நிலையம் தொடங்குவார். இதனை நீங்கள் எல்லீரும் கண்டிருப்பீர்கள். சிரிக்கின்றீர்கள் ஆதலின் கண்டிருக்கின்றீர்கள் என்றே கொள்ளுகின்றேன்.

முதலில் வேண்டுவது இரண்டாம் ஆசிரியர் அன்று, கணக்கர். அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிற் படிக்கும் மாணாக்கர் ஒருவரோ, அவ்வையார் மகளிர் கல்லூரி மாணவி ஒருவரோ, மாலையில் இரண்டு மணி நேரம் வந்து வருகைப் பதிவு எடுத்து, வாராத பிள்ளையின் வீட்டுக்கு உடனே தொலைபேசியிற் சொல்லி, கட்டணம் வாங்கி ரசீது கொடுத்து, பேரேடு எழுதட்டும். மாதம் இருபத்தைந்து நாளுக்கு 2,500 ரூபாய் கொடுக்கலாம். ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நின்று, ‘உன் அப்பாவிடம் பணம் வாங்கி வா’ என்று பலர் முன் ஒரு பிள்ளையைக் கேட்பது அப்பிள்ளைக்கு மானக்கேடு. கேளாதிருப்பது ஆசிரியர்க்குப் பட்டினி. கணக்கர் இருப்பின் அப்பேச்சு பெற்றோரிடமே நிகழும். பிள்ளையின் காதுக்கு எட்டாது. இந்த ஒன்றுக்காகவே அவ்வேலைக்கு முதலிடம் கொடுப்பேன்.

இரண்டாவது, விடை திருத்துதல். நம் தெருக்களில் பி.எஸ்ஸி., எம்.ஏ. முதலிய பட்டம் பெற்று, மணமானபின் வீட்டோடு இருக்கும் பெண்மக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ‘மாலை வகுப்புக்கு வாருங்கள்’ என்று அவர்களை அழைத்தால் வர இயலாது. மாலையில் அடுப்பும் குழந்தையும் அவர்களை விடா. ஆனால் பகல் பதினொரு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் அவர்கட்கு ஓய்வு உண்டு. விடைத்தாள்களை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, தாளுக்கு ஐந்து ரூபாய் என்று கணக்கிட்டுக் கொடுக்கலாம். வாரம் ஒரு தேர்வாக மாதம் நான்கு; நாற்பது பிள்ளைகளுக்கு 160 தாள்; செலவு 800 ரூபாய். இத்தொகைக்கு இதனினும் மேலான பயன் வேறு எங்குக் கிட்டும்? மதிப்பெண் மட்டும் இடுதல் போதாது. எந்த வினாவில் பலர் இடறினர் என்று கடைசியில் இரண்டு வரி எழுதித்தர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் ஆசிரியர் எதனை மீண்டும் நடத்துவது என்பது அவ்விரண்டு வரியினின்றும் விளங்கும். தாய்மார்களே, இவ்வேலைக்கு நீங்கள் உதவிபுரிய வருபவர்களாகவன்றி, உழைத்துக் கூலி பெறுபவர்களாகவே வரல்வேண்டும். ‘தெரிந்த பிள்ளை, எதற்குக் காசு’ என்று சொல்லாதீர்கள்; சொன்னால் மூன்றாம் வாரம் தாள்கள் அலமாரியில் உறங்கும்.

மூன்றாவது, ஐயந்தீர்க்கும் துணைவர் இருவர். கல்லூரியில் அவ்வப் பாடத்தை இப்பொழுது கற்பவராயின் நன்று. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். ஒருவர்க்கு மாதம் 1,500 ஆக இருவர்க்கும் 3,000. இவர்கள் புதுப்பாடம் நடத்தலாகாது. ஆசிரியர் நடத்தியதைப் பயிற்சி செய்யும்போது பிள்ளைகளின் அருகில் அமர்ந்து உதவுவதே இவர் வேலை. இவர்களுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நிலையத்தின் ஆசிரியர் வரும் வாரப் பாடத்தைக் கற்பித்துக் கொடுத்தல் வேண்டும். 1846-இல் இங்கிலாந்தார் கண்ட ஒன்றரை மணி நேரத்தை நாம் இவ்வளவாகச் சுருக்கிக்கொள்ளுகின்றோம். அந்த ஞாயிறு வகுப்பை நிறுத்திய நிலையத்தில் துணைவர் தங்கமாட்டார். ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்காக மட்டும் எந்தக் கல்லூரி மாணாக்கன் மழையில் நனைந்து வருவான்?

பெருக்கித் துடைக்கும் அம்மையாருக்கு 700 ரூபாய் கூட்டின், மொத்தம் 7,000. நிலையத்தை நடத்துபவர்க்கு 10,000 மிஞ்சும். பத்துப் பெற்றோர் தவறிய மாதத்திலும் 4,000 மிஞ்சும். ஒரு தோணியில் ஐவர் துடுப்புப் போடுகின்றனர். ஒருவர் வாராவிடினும் தோணி நடுவே நிற்பதில்லை.

நிலையத்திற் பயிலும் மூத்த பிள்ளைகளைச் சட்டாம்பிள்ளையாக வைக்கலாமோ எனின், அரை மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கணக்கை விளக்குவது இருவர்க்கும் நன்மை. ஆனால் அவனே தேர்வுக்குச் செல்லும் ஆண்டில் அவனை வகுப்புக் காவலனாக்குவது அவன் தந்தை செலுத்திய கட்டணத்தைத் திருடுவதற்கு ஒப்பாகும். வேலை வாங்கின், கட்டணத்தில் பாதியேனும் தள்ளிக்கொடுக்க வேண்டும்.

அரசு விதிகளையும் அறிந்து நடத்தல் நலம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில், மாநிலங்கள் பின்பற்றுதற்பொருட்டுப் பயிற்சி நிலையங்கட்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அது ஐம்பதுக்கு மேற்பட்ட மாணாக்கரையுடைய நிலையங்களைக் கருதியது. பட்டப்படிப்பு இல்லாதாரை ஆசிரியராக வைக்கலாகாது. பதினாறு வயது நிரம்பாதாரையோ பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாதாரையோ சேர்க்கலாகாது. ஒரு மாணாக்கர்க்கு ஒரு சதுர மீட்டர் இடமாவது வேண்டும். கட்டணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். இடையில் விலகுவார்க்கு எஞ்சிய காலத்துக்குரிய கட்டணத்தைப் பத்து நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்பன அதன்கண் உள்ளன. நாற்பது பிள்ளைகளையுடைய நம் நிலையங்கள் அவ்வெல்லைக்கு உட்படாமற் போகலாம். ஆயினும் ஐம்பத்தொன்றாம் பிள்ளை வந்து சேரும் நாளில் அனைத்தையும் மாற்றியமைக்க முயல்வதினும், இன்றே ரசீதுப் புத்தகமும் பேரேடும் உடையராதல் எளிது. கல்லூரி மாணாக்கரைத் துணைவர் என்று கூறினேனேயன்றி ஆசிரியர் என்று கூறாமைக்கும் இதுவே காரணம்.

எல்லையைத் தாண்டியுள்ள தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தையும் கேள்வியுற்றிருப்பீர்கள். கொரோனாக் காலத்தில் படிப்பிழந்த பிள்ளைகட்குத் தெருத்தோறும் தன்னார்வலர் மாலையில் கற்பித்தனர். அவர்க்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அவருட் பெரும்பாலார் பெண்மக்களே. அவ்வூர்களில் இயன்றது நம் தலத்தெருவில் இயலாதென்பதற்குக் காரணம் காண்கிலேன்.

இனி, மிகவும் கசப்பான ஒன்றைச் சொல்லாமல் அமைதல் தகாது. வரவுசெலவு இறுக்கமாயிருக்கின்றது என்று இளைஞர் கூறுகின்றனர் அன்றோ? அதனை இறுக்கியவர் யார்? சர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், நம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையார் இத்தொழிலுக்கு வருவதற்கு அஃது போதாது என்றும் கூறினார்.  இருநூறு ஆண்டு சென்றன. இன்றும் கேபிள் டிவிக்கும் கைப்பேசிக்கும் தேதி தவறாது பணங்கட்டும் நாம், ‘நம்ம பையன்தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கொடுக்கலாம்’ என்று ஆசிரியரின் கட்டணத்தை ஒத்திவைக்கின்றோம். சங்கத்து அங்கத்தினர் என்னும் உரிமையால் பாதிக் கட்டணம் கேட்போரும் உளர். யான் இரண்டு நிலையங்களின் பேரேட்டை, அவற்றை நடத்துவோர் காட்டக் கண்டேன். நிலுவையில் நின்றவர்களுள் மிகுதியானோர் ஏழைகள் அல்லர். ஏழைத் தாய் ஒருத்தி முதல் தேதியிலேயே கொணர்ந்து தருகின்றாள். நிலுவை நின்ற பெயர்களுள் சில இம்மண்டபத்து முன்வரிசையில் அமரத் தக்கவை. பெயர் கூறமாட்டேன்; காரியதரிசியவர்கள் என்னைப் பார்ப்பதினின்றும் போதும் என்று உணர்கின்றேன்.

ஆதலின் கல்வி நிதியைப் பற்றி ஒரு யோசனை கூறி விடைபெறுகின்றேன். நிலையம் தொடங்குவார்க்கு மொத்தமாகக் கடன் கொடுத்து, நாற்காலி, மேசை, பெயர்ப்பலகை, குளிரூட்டும் பெட்டி என்று அது கரைவதினும், முதல் ஆறு மாதத்துக்குக் கணக்கர் ஒருவரின் சம்பளத்தை மட்டும் சங்கம் ஏற்கலாம். மாதம் 2,500 ஆக ஆறு மாதத்துக்கு 15,000 ரூபாயே ஆகும். அதற்கு ஈடாக, அந்நிலையத்தின் பேரேட்டை மாதந்தோறும் சங்கத்துப் பொருளாளர் பார்வையிடுவதற்கு இசைவு பெற வேண்டும். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகள் இருவரை, அவர் எச்சமூகத்தவராயினும், இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் கட்டணம் ஒழுங்காக வரத் தொடங்கின், கணக்கரின் சம்பளத்தை நிலையமே தாங்கும். தாங்காதாயின், அந்நிலையம் எதனால் தளர்ந்தது என்பதேனும் எழுத்தில் இருக்கும். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்குமுன் கூடும் நிர்வாகக் குழுவில் இதனை எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன். விண்ணப்பிக்க விரும்பும் இளைஞர் சென்ற மூன்று மாதத்து வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கொணர்க. எழுதி வைக்கும் வழக்கம் இல்லாதார், இம்மாதம் முதலாக எழுதத் தொடங்கி அடுத்த கூட்டத்துக்கு வருக.